கொரியக் காதல் தொடரும் கேலி பேசும் நாட்டாமைகளும்

"கொரியன் சீரியல்னா எனக்கு உயிர்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் போதும், எதிரே இருப்பவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துவிடும். 'இவ்வளவுதானா உன் ரசனை?' என்கிற சிரிப்பு. அடுத்து ரெடிமேடாக நாலு வசனம் வரும். எல்லா ஹீரோவும் ஒரே மாதிரி இருக்கான். எல்லாக் கதையும் ஒண்ணுதான். பணக்காரப் பையன், ஏழைப் பொண்ணு, மழை, குடை, அழுகை. இதையெல்லாம் எப்படித்தான் பொறுமையா உட்கார்ந்து பார்க்கிறாங்களோ!

இப்படிச் சொல்பவர் அந்தத் தொடர்களில் எத்தனை பார்த்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் பூஜ்யம். மிஞ்சிப்போனால் வீட்டில் யாரோ பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கமாக நடந்துபோன இரண்டு நிமிடம். கணக்குப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் கம்பெனி திவால் என்று கையெழுத்துப் போடும் ஆடிட்டரை யாராவது நம்புவார்களா? ரசனை விஷயத்தில் மட்டும் நம்புகிறார்கள்!

ஒரு தொடர் மோசம் என்று சொன்னால் அது விமர்சனம். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர் மட்டம் என்று சொன்னால் அது விமர்சனமே இல்லை, ஆளை எடைபோடுவது. கொரியக் காதல் தொடர்கள் மேல் இருபது வருடத்துக்கும் மேலாக விழுந்துகொண்டிருக்கும் கேலியில் முக்கால்வாசி இந்த இரண்டாவது ரகம்தான். பார்ப்பவர்களில் பெண்கள் அதிகம். அதுவும் சின்னப் பெண்கள் அல்லது நடுத்தர வயதுப் பெண்கள். உலகத்தில் யாரைக் கேலி செய்தால் திருப்பிக் கேட்க ஆள் வராதோ அவர்கள்.

இந்தக் கேலியின் ஜாதகம்

2002 ஜனவரியில் தென்கொரியாவின் கேபிஎஸ் சேனலில் 'விண்டர் சொனாட்டா' ஆரம்பித்தது. மொத்தம் 20 எபிசோட். இயக்குநர் யூன் சியோக்-ஹோ. பே யோங்-ஜூன், சோய் ஜி-வூ ஜோடி. முதல் காதல், விபத்து, ஞாபக மறதி, 'நாம் அண்ணன் தங்கையோ' என்கிற சந்தேகம், கடைசியில் பார்வையிழப்பு என்று சகல சாமான்களும் உண்டு. 2003ல் ஜப்பானின் என்எச்கே இதைச் சாட்டிலைட் சேனலில் போட்டது. கடிதங்கள் குவிந்தன. 2004ல் பொதுச் சேனலுக்குக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மேல்! அந்த நேரத்திலும் கடைசி எபிசோடுக்கு டோக்கியோ வட்டாரத்தில் ரேட்டிங் 20 சதவீதத்தைத் தாண்டியது.

பார்த்தவர்களில் பெரும் பகுதி நாற்பது, ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள். பே யோங்-ஜூனுக்கு 'யோன்-சாமா' என்று பட்டம் கொடுத்தார்கள். சாதாரண மரியாதைக்கு ஜப்பானிய மொழியில் 'சான்' போதும், 'சாமா' அதற்கும் மேலே. 2004 நவம்பரில் அவர் வந்து இறங்கியபோது நரிட்டா விமான நிலையத்தில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். ஹோட்டல் வாசல் நெரிசலில் சிலர் காயம்பட்டார்கள். அவ்வளவுதான், பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 'வேலை வெட்டி இல்லாத ஆன்ட்டிகளின் பைத்தியம்' என்கிற தொனியில் எழுதித் தள்ளினார்கள்.

இப்போது அதே 2002க்குப் போவோம். உலகக் கோப்பைக் கால்பந்தைத் தென்கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்திய வருடம். கொரியா அரையிறுதி வரை போனது. சியோல் தெருக்களில் லட்சக்கணக்கில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கத்தினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். முன்பின் தெரியாத பதினோரு பேர் ஒரு பந்தைத் துரத்துவதைப் பார்த்து! அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? தேசத்தின் எழுச்சி. பந்துக்காக அழுதால் எழுச்சி, கதைக்காக அழுதால் பைத்தியமா? எந்த ஊர் நியாயம் இது?

அந்த 'பைத்தியங்கள்' என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ஜப்பான் 1910 முதல் 1945 வரை கொரியாவை அடிமைப்படுத்தி ஆண்ட நாடு. அந்தக் காயத்தால் தென்கொரியா 1998 வரை ஜப்பானியப் படங்களையும் பாட்டுகளையும் தன் நாட்டுக்குள் விடவே இல்லை. ஜப்பானில் கொரிய வம்சாவளியினர் பலர் தங்கள் கொரியப் பெயரை மறைத்து, ஜப்பானியப் பெயரோடு வாழ்ந்தார்கள். அந்த நாட்டு அம்மாக்கள்தான் ஒரு தொடரைப் பார்த்துவிட்டு கொரிய எழுத்துகளைக் கற்க உட்கார்ந்தார்கள். கப்பலேறியும் விமானமேறியும் படப்பிடிப்பு நடந்த நாமி தீவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பக்கத்து நாட்டைத் தங்கள் கண்ணால் முதன்முறை பார்த்தார்கள். அதே காலத்தில் கொரியர்களை வெறுப்பதையே பிழைப்பாக வைத்து 2005ல் ஒரு மங்கா புத்தகம் வந்து ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. 2011ல் 'கொரியத் தொடர்களை நிறுத்து' என்று ஃப்யூஜி டிவி வாசலில் ஆர்ப்பாட்டமே நடந்தது. இந்த இரண்டு கூட்டத்தில் அறிவு எந்தப் பக்கம் இருந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, நாட்டாமைகளின் குற்றப்பத்திரிகையை ஒவ்வொன்றாக எடுப்போம்.

குற்றம் 1: இது பொய்க் கனவு

நிஜத்தில் எந்தக் கோடீஸ்வரன் வந்து குடை பிடிக்கிறான் என்று கேட்கிறார்கள். ரொம்பச் சரி. நிஜத்தில் எந்த ஆள் ஒற்றைக் கையால் இருபது பேரைப் பறக்கவிடுகிறான்? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வரும் பையனிடம் 'உனக்கு நிஜம் தெரியவில்லை' என்று யாரும் வகுப்பெடுப்பதில்லை. அவனுக்குத் தெரியும், ஜாலிக்குப் பார்த்தான் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சலுகையை அவனுடைய அக்காவுக்கு மட்டும் ஏன் தருவதில்லை?

போகட்டும். எல்லாம் கனவுதானா என்று பார்க்க 2005ல் எம்பிசியில் வந்த 'மை நேம் இஸ் கிம் சாம்-சூன்' தொடரை எடுத்துக்கொள்வோம். நாயகி கேக் செய்பவள். முப்பதைத் தொடும் வயது, கொஞ்சம் பருமன், வாய்த் துடுக்கு. காதலன் கைவிட்டுவிட்டான். வீடு கடனில் இருக்கிறது. 'சாம்-சூன்' என்பது மூன்றாவது பெண் குழந்தைக்கு வைக்கிற பட்டிக்காட்டுப் பெயர், சொன்னாலே எல்லோரும் சிரிக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொள்ளத் துடிக்கிறாள். ஹீரோ பணக்காரன்தான். ஆனால் தேவதை வந்து அவளை இளைக்க வைக்கவில்லை, அழகியாக்கவில்லை. கடைசியில் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறாள். கல்யாணம்கூட நடப்பதில்லை. அவனுடைய அம்மா சம்மதிக்கவில்லை, நாளைக்குப் பிரியலாம், இன்றைக்குக் காதலிப்போம் என்று முடிகிறது. இது பொய்க் கனவா? கடைசி எபிசோடுக்கு ரேட்டிங் 50 சதவீதம். டிவி இருக்கும் வீடுகளில் இரண்டில் ஒன்று!

அதே 2005 மார்ச்சில்தான் தென்கொரிய நாடாளுமன்றம் 'ஹோஜு' முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. குடும்பப் பதிவேட்டில் ஆண்தான் தலைவர். மகளாக இருந்தால் அப்பாவின் கீழ், மனைவியானால் கணவனின் கீழ், அவரும் போய்விட்டால் மகனின் கீழ் என்று பெண்ணைப் பதிந்துவைக்கிற முறை அது. 2008 ஜனவரி 1ல்தான் முழுதாக ஒழிந்தது. தொடர்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று ஜல்லியடிக்கத் தேவையில்லை. அது கொண்டுவரவில்லை. ஆனால் 'என் பெயர் இது' என்று தன் பெயரிலேயே நிற்கும் ஒரு பெண்ணை அந்த வருடம் பாதி நாடு உட்கார்ந்து பார்த்ததற்குக் காரணம் ஹீரோவின் ஹேர்ஸ்டைல் மட்டும்தான் என்று சொல்கிறவர்களைப் பார்த்துப் பரிதாபம்தான் படமுடியும்.

குற்றம் 2: ஒரே கதை

ஃபார்முலா இருக்கிறது, மறுப்பதற்கில்லை. துப்பறியும் கதைக்கும் ஃபார்முலா உண்டு. பிணம் விழும், கடைசியில் கொலைகாரன் பிடிபடுவான். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. எப்படிப் பிடிபடுகிறான் என்பதுதான் சுவாரசியம். காதல் தொடரிலும் இருவரும் சேருவார்கள் என்பது முதல் எபிசோடிலேயே எல்லோருக்கும் தெரியும். எப்படி, எந்தத் தயக்கத்தைத் தாண்டி, எதை விட்டுக்கொடுக்காமல் என்பதுதான் கதை.

இன்னொன்று. பெரும்பாலான கொரியக் காதல் தொடர்களுக்கு 16 எபிசோட், சில 20. வாரம் இரண்டாகப் போட்டால் இரண்டு மாதத்தில் முற்றும். ஆரம்பம் உண்டு, முடிவும் உண்டு. பார்ப்பவருடைய நேரத்துக்கு இந்த அளவு மரியாதை தரும் சரக்கு டிவியில் எவ்வளவு இருக்கிறது? பிரேக் போட்டு, பிளாஷ்பேக் போட்டு, நாயகிக்கு மறுபிறவி கொடுத்து வருஷக்கணக்கில் இழுக்க முடியாது. நுகர்வோர் கொடுத்த விலைக்கு மேல் அடையும் திருப்தியை 'நுகர்வோர் உபரி' என்று பொருளாதாரத்தில் சொல்வார்கள். 16 எபிசோடில் முடித்து, எழுந்து போகவிடும் தொடரில் அது கொஞ்சம் அதிகம்!

எழுதுவது யார் என்பதை நாட்டாமைகள் கவனித்ததே இல்லை. 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' (2004), 'சீக்ரெட் கார்டன்' (2010) எழுதிய கிம் உன்-சூக், 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' எழுதிய பார்க் ஜி-உன், நோ ஹீ-கியோங், ஹோங் சகோதரிகள்... எல்லோரும் பெண்கள். அங்கே ஸ்டார் எழுத்தாளரின் பெயருக்காகவே தொடர் பார்க்கிறார்கள், ஹீரோ பெயரோடு எழுத்தாளர் பெயரும் விளம்பரத்தில் நிற்கிறது. பெண் எழுதி, பெண்ணின் கண் வழியாகக் கேமரா நகர்ந்து, ஆண் அழகாகப் பார்க்கப்படுகிற இடம் உலக டிவியில் எத்தனை? காலம்காலமாகப் பெண்ணை மேலும் கீழும் பார்த்துப் பழகிய கேமரா ஒரு தடவை திரும்பினதும் 'ஹீரோவெல்லாம் பொம்மை மாதிரி இருக்கான்' என்று கோபம் வருகிறது. வலிக்குதா? :-)

குற்றம் 3: மூளை மழுங்கிவிடும்

2017ல் டிவிஎன் சேனலில் வந்த 'பிகாஸ் திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் லைஃப்' தொடரின் ஹீரோவுக்கு எதிரி வில்லன் இல்லை, வீட்டுக்கடன்! சியோலில் கடனில் வீடு வாங்கிவிட்டுத் தவணை கட்ட வாடகைக்கு ஆள் தேடுகிறான். நாயகி தொடர்களுக்கு எழுதும் உதவி எழுத்தாளர். முப்பது வயதில் தங்க இடம் இல்லை. வீட்டுக்காரரும் குடித்தனக்காரியும் கணக்குப் பார்த்து ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அதில் ஒரு இடம். மாமியார் வீட்டுத் திவசத்துக்குப் போய் மருமகள் நாள் முழுக்கச் சமையலறையில் வேலை செய்கிறாள். ஒப்பந்தத்தில் இல்லாத உழைப்பு. அதற்குப் பதில் உழைப்பாகவே வேண்டும் என்கிறாள். கிம்ச்சி போடும் நாளில் அவன் அவளுடைய ஊருக்குப் போய் அத்தனை முட்டைக்கோஸோடும் மல்லுக்கட்டுகிறான். மருமகளின் உழைப்புக்குக் கணக்கு உண்டு என்பதை இதைவிடச் சுலபமாக எந்தப் பாடப்புத்தகம் சொல்லியிருக்கிறது?

2018ல் ஜேடிபிசியில் வந்த 'சம்திங் இன் த ரெயின்'. நாயகி ஒரு காபிக் கம்பெனியில் அதிகாரி. ஆபீஸ் முடிந்து மேலதிகாரிகளோடு கட்டாயம் போகவேண்டிய விருந்துகளில் அவர்களைக் குஷிப்படுத்தத் தம்பூரின் ஆட்டுகிறாள், அதனாலேயே 'யூன் தம்பூரின்' என்று பட்டப்பெயர். காதலிக்க ஆரம்பித்ததும் அவளுக்கு ஒன்று புரிகிறது: ஒருவன் தன்னை இவ்வளவு அருமையாக நடத்தும்போது, தன்னைத் தானே ஏன் இவ்வளவு மலிவாக நடத்தவிடவேண்டும்? தம்பூரினைக் கீழே வைக்கிறாள். ஆபீஸில் நடந்த அத்துமீறல்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாள். அதே வருடம் ஜனவரியில், அதே சேனலின் செய்தியில்தான் அரசு வழக்கறிஞர் சோ ஜி-ஹியோன் தனக்கு நேர்ந்த பாலியல் அத்துமீறலை நேரலையில் சொன்னார், கொரியாவின் 'மீ டூ' வெடித்தது. ஆண் பெண் சம்பள இடைவெளி சுமார் 30 சதவீதம், ஓஇசிடி நாடுகளிலேயே மிக அதிகம் என்றிருக்கும் நாடு அது. அங்கே ஒரு பெண் ஆபீஸிலிருந்து வந்து களைத்து உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்த்தால் அது மூளை மழுங்கலா? தன் நாளைத் தானே திரும்பிப் பார்ப்பதா?

குறையே இல்லையா?

இருக்கிறது, நிறைய. 2009ல் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' நினைவிருக்கிறதா? லாண்டரிக் கடைக்காரர் மகளைப் பள்ளியில் சக மாணவர்களை விட்டுச் சித்திரவதை செய்யும் கோடீஸ்வர வாரிசுதான் ஹீரோ. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது, சுவரில் சாய்த்து மறிப்பது, வேண்டாம் என்பதை வேண்டும் என்று எடுத்துக்கொள்வது எல்லாம் அந்தக் காலத் தொடர்களில் காதலாக ஓடின. 2010ல் நிகழ்ச்சிக்குள்ளேயே விளம்பரம் செய்யச் சட்டம் வழிவிட்டது. அதன்பிறகு உயிர் போகிற சோகத்திலும் ஹீரோ சப்வே சாண்ட்விச் சாப்பிடுவார்!

ஆனால் இந்தக் குறைகளை முதலில் பட்டியல் போட்டது யார்? நாட்டாமைகளா? அவர்கள்தான் பார்ப்பதே இல்லையே! மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது காதல் இல்லை என்று சண்டை போட்டவர்கள் உட்கார்ந்து பார்த்த பெண்கள். 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' கடைசியில் 'எல்லாம் ஒரு திரைக்கதை' என்று முடித்தபோது கொதித்து எழுந்தவர்களும் அவர்கள்தான். பிடித்தவருக்குத்தான் கோபம் வரும். திட்டுகிற உரிமையும் அவர்களுக்குத்தான்.

நியாயமாகக் கோபப்பட வேறொரு இடமும் இருக்கிறது. இரவில் ஒளிபரப்பாகவேண்டிய எபிசோடை அன்று பகல்வரை படமாக்குவது கொரிய டிவியில் பல வருடம் வழக்கமாக இருந்தது. 2016 அக்டோபரில் டிவிஎன் தொடர் ஒன்றில் வேலை செய்த இளம் உதவி இயக்குநர் லீ ஹன்-பிட் தற்கொலை செய்துகொண்டார். தன்னைப்போலவே களைத்திருந்த தொழிலாளர்களைப் பிழிந்தெடுப்பதே தன் வேலையாகிவிட்ட வேதனையை எழுதிவைத்துவிட்டுப் போனார். குடும்பம் போராடியது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, 2018ல் அவர் பெயரில் ஊடகத் தொழிலாளர்களுக்கான உரிமை மையம் தொடங்கப்பட்டது. கொரியத் தொடர்களைத் திட்டியே ஆகவேண்டும் என்று கை அரித்தால் திட்டவேண்டிய இடம் இது. பார்க்கும் பெண்ணைக் கிண்டலடிப்பதில் இருக்கும் சுகம் இதில் கிடைக்காது என்பதால்தானோ என்னவோ, யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

சிரிக்காதவர்கள்

இந்தத் தொடர்களைப் பார்த்துச் சிரிக்கவே சிரிக்காத ஒரு அரசாங்கம் இருக்கிறது.

2019 டிசம்பரில் ஆரம்பித்த 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' கதையில் தெற்குத் தொழிலதிபர் ஒருத்தி பாராகிளைடரில் காற்றடித்து வடகொரியாவில் விழுகிறாள். அங்கே ஒரு ராணுவ அதிகாரியோடு காதல். எழுத்துக் குழுவில் வடக்கிலிருந்து தப்பிவந்த ஒருவரும் இருந்தார். அந்த அதிகாரியின் படையில் ஒரு சிப்பாய், காவல் நேரத்தில் திருட்டுத்தனமாகத் தென்கொரியத் தொடர் பார்த்துப் பைத்தியமானவன். சோய் ஜி-வூவின் பரம ரசிகன். (ஆமாம், 'விண்டர் சொனாட்டா' நாயகியேதான்!) தொடரில் அது காமெடி. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நிஜத்தில் 2020 டிசம்பரில் வடகொரியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. தென்கொரிய நிகழ்ச்சிகளைப் பார்த்தால் 15 ஆண்டு வரை கட்டாய உழைப்பு முகாம், பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். 2024 ஜனவரியில் பிபிசி ஒரு காணொளியை வெளியிட்டது. 2022ல் எடுக்கப்பட்டதாகத் தெரியும் அதில், திறந்த மைதானத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் முன்னால் இரண்டு பையன்களுக்குக் கைவிலங்கு போடுகிறார்கள். வயது 16. தண்டனை 12 ஆண்டு கடும் உழைப்பு. குற்றம், தென்கொரியத் தொடர்களைப் பார்த்தது.

அணுகுண்டு வைத்திருக்கிற அரசாங்கம், 16 எபிசோட் காதல் கதையைப் பார்த்து ஏன் இப்படி நடுங்குகிறது? அதில் அரசியல் பிரசாரம் ஒன்றும் இல்லை. ஒருவன் ஒருத்திக்குக் காபி வாங்கிவருகிறான். 'சாப்பிட்டாயா' என்று கேட்கிறான். பிடித்த வேலைக்குப் போகிறாள், பிடிக்காவிட்டால் விடுகிறாள். அப்பாவிடம் சண்டை போடுகிறாள். யாரைக் காதலிக்கலாம் என்பதைத் தானே முடிவு செய்கிறாள். அவ்வளவுதான். 'இப்படியும் வாழலாம்' என்று ஒருவர் மனதில் ஆசை வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கமுடியாது என்பது அந்த அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம்மூர் நாட்டாமைகளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஒரு கதையைப் பார்த்து மனம் இளகுவது பலவீனம் இல்லை. தன்னிடம் ஒருவர் மரியாதையாகப் பேசினால் எப்படி இருக்கும், தான் சொல்வதை ஒருவர் முழுதாகக் காதுகொடுத்துக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசிப்பதும் முட்டாள்தனம் இல்லை. அப்படி யோசிக்கிற பெண்ணைப் பார்த்து யாருக்காவது எரிச்சல் வந்தால், பிரச்சினை தொடரில் இல்லை. அவள் எதிர்பார்ப்பு உயர்ந்துவிடுமோ என்கிற பயத்தில் இருக்கிறது. உயரட்டுமே! சந்தையில் வாங்குபவரின் எதிர்பார்ப்பு உயர்ந்தால் விற்பவர் தரத்தை உயர்த்தவேண்டும். வாங்குபவரைக் கேலி செய்து கடை நடத்த முடியாது.

ஆகவே நாட்டாமைகளே, தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். 16 எபிசோட், எபிசோடுக்கு ஒரு மணி நேரம். 'கிம் சாம்-சூன்' நல்ல ஆரம்பம். முழுதாகப் பார்த்துவிட்டு வந்து, மோசம் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். அதைக் கேட்டுக்கொள்ளலாம், பதிலும் சொல்லலாம். பார்க்கவே மாட்டேன், சிரிக்க மட்டும் செய்வேன் என்றால், அந்தச் சிரிப்புக்குப் பெயர் ரசனை இல்லை.